ஓடுகிற சர்வரில் கார்டு மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட், காவேரிப்பட்டணம், பர்கூர், தருமபுரி என்று இந்தப் பக்கத்து ஆலைகளில் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சர்வரை நிறுத்தாமல் எக்ஸ்பேன்ஷன் கார்டைக் (மதர்போர்டின் ஸ்லாட்டில் கூடுதலாகச் செருகும் கார்டு) கழற்றி வேறொன்றைச் செருகுவது பற்றியும் (இதற்குப் பெயர்தான் ஹாட் பிளக்), அதில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பங்கு என்ன என்பது பற்றியும் தெரிந்த அளவுக்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஹார்டு டிஸ்க்கை ஓடும்போதே உருவி மாற்றுகிறோம். கார்டும் அப்படித்தானே?

இல்லை. முன்பக்கம் உருவுகிற டிஸ்க்குக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் பெரும்பாலும் பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர் இருக்கிறது. ஒரு டிஸ்க் போனாலும் மீதியை வைத்து அது சமாளித்துக்கொள்ளும். மேலே இருக்கிற லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ எதுவும் நடந்ததாகவே தெரியாது.

கார்டுக்கு அப்படி இடையில் ஆள் கிடையாது. நெட்வொர்க் கார்டோ, வெளிச் சேமிப்பகத்தோடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதனோடு நேராகப் பேசுகிறது. கார்டுக்கென்று நினைவக முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கும், இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லிக் கார்டு அனுப்பும் சைகை) ஒதுக்கப்பட்டிருக்கும், கார்டு தானாகவே சர்வரின் நினைவகத்தில் எழுதிக்கொண்டும் இருக்கும். இவ்வளவையும் ஒழுங்காக முடித்துவைத்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்த முடியும். அதை முடித்துவைக்க வேண்டியது ஆபரேட்டிங் சிஸ்டம். எனவே கையை ஸ்லாட்டில் வைக்கும் முன் அதைக் கேட்டாக வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் ஆதரித்தால் போதுமா?

போதாது. பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். லினக்ஸில் ஹாட் பிளக் உண்டு என்று எங்கோ படித்துவிட்டுச் சர்வர் மூடியைத் திறக்கிறார்கள்.

முதலில் ஸ்லாட். அந்த ஒரு ஸ்லாட்டுக்கு மட்டும் மின்சாரத்தைத் தனியாக நிறுத்தவும் கொடுக்கவும் மதர்போர்டில் மின்சுற்று இருக்க வேண்டும். அது இல்லாத ஸ்லாட்டில் கார்டை ஓடும்போது இழுத்தால் கார்டு மட்டுமல்ல, போர்டே போகலாம். அடுத்தது பயாஸ், அதாவது சர்வர் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். ஹாட் பிளக் கட்டுப்பாட்டை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வது அதுதான். சில சர்வர்களில் பயாஸ் அமைப்பிலேயே இதற்குத் தனி விருப்பம் இருக்கும், தொழிற்சாலையிலிருந்து அணைத்த நிலையிலேயே வந்திருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றாவது. நான்காவது அந்தக் கார்டின் டிரைவர்: பாதியில் விலகச் சொன்னால் சுத்தமாக விலகத் தெரிந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லை என்றாலும் சர்வரை நிறுத்திவிட்டே மாற்றுங்கள்.

என் சர்வரில் இந்த வசதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ஹாட் பிளக் ஸ்லாட் என்றால் கார்டைத் திருகு இல்லாமல் பிடித்துக்கொள்ளும் தாழ்ப்பாள், ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இரண்டு சின்ன விளக்குகள், பெரும்பாலும் ஒரு பட்டன் இருக்கும். பச்சை விளக்கு மின்சாரத்துக்கு, மஞ்சள் விளக்கு கவனிக்கச் சொல்வதற்கு. இவை எதுவுமே இல்லாத, சாதாரணத் திருகு போட்ட ஸ்லாட் என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

லினக்ஸில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட் ஆக (முழு அதிகாரமுள்ள பயனராக), இரண்டு வி போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் கீழே ஸ்லாட் கேப்பபிலிட்டி என்று ஒரு வரி வரும். அதில் ஹாட்பிளக் என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் உண்டு, கழித்தல் குறி என்றால் இல்லை. அதே வரியில் பவர் கன்ட்ரோல், அட்டென்ஷன் பட்டன், சர்ப்ரைஸ் (சொல்லாமல் இழுத்தாலும் தாங்குமா என்பது) ஆகியவையும் இருக்கும். பவர் கன்ட்ரோல் பக்கத்தில் கழித்தல் என்றால், ஸ்லாட்டின் மின்சாரத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்தால் நிறுத்த முடியாது என்று பொருள். பூட் ஆகும்போது வரும் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) செய்திகளில் ஓஎஸ்சி என்று தேடினால், ஹாட் பிளக் கட்டுப்பாட்டை பயாஸ் ஒப்படைத்ததா என்பதும் தெரிந்துவிடும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்தப் பக்கத்து அலுவலகங்களில் இருக்கிற டவர் சர்வர்களிலும், ஒரு யூ, இரண்டு யூ உயரமுள்ள (யூ என்பது ரேக்கில் உயர அளவு) ரேக் சர்வர்களிலும் பெரும்பாலும் கார்டு ஸ்லாட்டுக்கு இந்த வசதி இருக்காது. டிஸ்க், மின்விசிறி, பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் ஓடும்போது மாற்றலாம்.

எந்தெந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஆதரிக்கிறது?

கார்டு ஸ்லாட்டுகளுக்கான பொதுத் தரநிலை பிசிஐ. பிசிஐ ஹாட் பிளக்குக்கான முதல் வரையறை 1997-இல் வந்தது. காம்பேக் நிறுவனம் இதில் முன்னால் நின்றது. அப்போது விண்டோஸ் என்டி 4-க்குத் தானாக இது தெரியாது, சர்வர் தயாரிப்பாளர் தருகிற மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். அன்றைய சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டங்களான நெட்வேர் 5, யூனிக்ஸ்வேர் 7 ஆகியவற்றில் ஆதரவு இருந்தது. விண்டோஸ் 2000 ஏசிபிஐ (ஆபரேட்டிங் சிஸ்டமும் பயாஸும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக இதைக் கற்றுக்கொண்டது. பிசிஐயின் அடுத்த தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது ஹாட் பிளக் அந்த வரையறைக்குள்ளேயே இடம்பெற்றது. விண்டோஸில் அதற்கு நேரடி ஆதரவு விஸ்டா, சர்வர் 2008 முதல் உண்டு.

லினக்ஸில் 2.4 பதிப்பின் காலத்திலிருந்தே இருக்கிறது. இன்று பெரும்பாலும் பிசிஐஇஹெச்பி என்ற டிரைவர் வேலை செய்யும், கட்டுப்பாட்டை பயாஸ் விட்டுத்தராத இடத்தில் ஏசிபிஐபிஹெச்பி. ஃப்ரீபிஎஸ்டியில் 11.0 முதல் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஹாட் பிளக் உண்டு. யூனிக்ஸ் வகைகளான ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ், சோலாரிஸ் மூன்றும் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவை. வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் ஓடிப் பழகியவை அவை.

லினக்ஸில் முறைப்படி எப்படிக் கழற்றுவது?

முதலில் கார்டின் மேல் ஓடுகிற வேலையை நகர்த்துங்கள். நெட்வொர்க் கார்டு என்றால் பாண்டிங்கிலிருந்து (பல நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாகக் கட்டும் அமைப்பு) அதை வெளியே எடுத்து, போக்குவரத்து இன்னொரு கார்டு வழியாகப் போகிறதா என்று பாருங்கள். சேமிப்பகக் கார்டு என்றால் மல்டிபாத்தில் (ஒரே சேமிப்பகத்துக்குப் பல பாதைகள் வைக்கும் அமைப்பு) அந்தப் பாதையை நீக்குங்கள், அல்லது கோப்பு முறைமையை அன்மவுன்ட் செய்யுங்கள்.

அதன் பிறகு ஸ்லாட்டின் பட்டனை ஒருமுறை அழுத்தலாம். பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கும். 5 விநாடிக்குள் மறுபடி அழுத்தினால் ரத்து. தப்பான ஸ்லாட்டை அழுத்திவிட்டவருக்கு அந்த 5 விநாடி பெரிய வரம். அழுத்தாமல் விட்டால் டிரைவர் விலகும், ஸ்லாட்டின் மின்சாரம் நிற்கும், பச்சை விளக்கு முழுதாக அணையும். அணைந்த பிறகுதான் தாழ்ப்பாளைத் தொட வேண்டும். மினுங்கிக்கொண்டிருக்கும்போது தொடவே கூடாது.

பட்டன் இல்லையென்றாலோ, நீங்கள் தொலைவிலிருந்து வேலை செய்தாலோ, சிஸ் அடைவுக்குள் பஸ், பிசிஐ, ஸ்லாட்ஸ் என்று போனால் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஓர் அடைவு இருக்கும். அதில் பவர் என்ற கோப்பில் 0 எழுதினால் அதே வேலை நடக்கும், 1 எழுதினால் மறுபடி உயிர் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிவைசஸ் அடைவுக்குள் ரிமூவ் என்று வேறொரு கோப்பு இருக்கிறது. அதில் 1 எழுதினால் கார்டு பட்டியலிலிருந்து மறைந்துவிடும், கெர்னலுக்கு அது இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஸ்லாட்டில் மின்சாரம் அப்படியே இருக்கிறது! பட்டியலில் காணோம் என்று நம்பிக் கார்டை இழுத்துவிடாதீர்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்வதும் இதே கதைதான். டிரைவர் நிற்கும், மின்சாரம் நிற்காது.

விண்டோஸில்?

கடிகாரத்துக்குப் பக்கத்தில், பென்டிரைவைக் கழற்றப் பயன்படுத்துகிற அதே பாதுகாப்பாக அகற்றும் ஐகானில் கார்டின் பெயர் வரும். அதைத் தேர்ந்தெடுத்து, விளக்கு அணைந்ததும் கழற்ற வேண்டும். ஸ்லாட் பட்டனும் வேலை செய்யும்.

கார்டு பயன்பாட்டில் இருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் தடுத்துவிடும் அல்லவா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பதில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் மாறுகிறது. விண்டோஸில் பழகியவர் லினக்ஸுக்கு வந்து அடிபடுவது இங்கேதான்.

விண்டோஸ் முதலில் கேட்கும். இந்தக் கார்டு போகப்போகிறது, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று டிரைவர்களிடமும் புரோகிராம்களிடமும் கேட்டுப்பார்க்கும். ஒருவர் முடியாது என்றாலும் கழற்ற விடாது. பேஜிங் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) அந்தக் கார்டுக்குப் பின்னால் இருக்கிற டிஸ்க்கில் இருந்தால் கண்டிப்பாக மறுத்துவிடும். யார் தடுத்தது என்று தெரியாமல் விழிக்க வேண்டாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பிஎன்பி பெயரில் 225 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். எந்தப் புரோகிராம், அதன் எண் என்ன என்பது அதில் இருக்கும். பெரும்பாலும் ஆன்டிவைரஸோ பேக்கப் மென்பொருளோதான்.

லினக்ஸ் கேட்காது. நீங்கள் பவர் கோப்பில் 0 எழுதினால், என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் எழுதுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கார்டின் வழியாக டேட்டாபேஸ் மவுன்ட் ஆகி எழுதிக்கொண்டிருந்தாலும் டிரைவரை விலக்கிவிடும். அடுத்த நொடி முதல் டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்ற பிழைகள் வரிசையாக வரும். ஆகவே லினக்ஸில் ஆட்சேபம் கேட்கிற வேலை உங்களுடையது. எந்த மவுன்ட், எந்த லாஜிகல் வால்யூம் (டிஸ்க்குகளில் பிரித்த சேமிப்புப் பகுதி), எந்த ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான டிஸ்க் பகுதி), எந்த ஐபி முகவரி அந்தக் கார்டை நம்பி இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்திலேயே எழுதுங்கள், அந்த நேரத்தில் திரை வேறு வேலையில் இருக்கும்.

ஹெச்பி-யூஎக்ஸ் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும். ஓஎல்ராட் கட்டளை, கார்டு போனால் என்னென்ன முக்கியமானவை பாதிக்கும் என்று ஆராய்ந்து சொல்லிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக விடும். சோலாரிஸும் சிஎஃப்ஜிஏடிஎம் கட்டளை மூலம் இதுபோலச் சரிபார்க்கிறது. லினக்ஸிலும் இப்படி ஒன்று பொதுவாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சொல்லாமல் கொள்ளாமல் இழுத்துவிட்டால் என்ன ஆகும்?

கார்டு இருந்த முகவரியை டிரைவர் படித்தால், எல்லா பிட்டும் 1 ஆக வரும். நல்ல டிரைவர் அதைப் பார்த்ததும் கார்டு போய்விட்டது என்று புரிந்துகொண்டு விலகும். மோசமான டிரைவர் அதை உண்மையான மதிப்பு என்று நம்பி, முடிவே இல்லாமல் காத்திருக்கும், அல்லது கெர்னலையே விழவைக்கும்.

முன்பக்கம் உருவுகிற என்விஎம்இ டிஸ்க்குகளை யாராவது இப்படி இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். அவையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்கள்தான். எல்எஸ்பிசிஐ வரியில் சர்ப்ரைஸ் பக்கத்தில் கூட்டல் குறி இருப்பது அதற்காகத்தான். டவுன்ஸ்ட்ரீம் போர்ட் கன்டெய்ன்மென்ட் என்ற வசதியுள்ள போர்ட்டுகளில், பிழை வந்ததும் அந்த ஓர் இணைப்பை மட்டும் துண்டித்து, சர்வர் முழுக்கப் பரவாமல் தடுத்துவிடும். ஆனால் உள்ளே இருக்கிற கார்டு ஸ்லாட்டில் இதை நம்பி இழுக்க வேண்டாம். மதர்போர்டோடு திருகியிருக்கும் எம்.2 டிஸ்க்கும் இந்தக் கணக்கில் வராது.

கார்டைப் போட்டேன், பட்டியலில் வருகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

முதலில் கெர்னல் செய்திகளைப் பாருங்கள். நோ ஸ்பேஸ் என்ற சொற்களோடு ஒதுக்கீடு தோற்றதாக ஒரு வரி இருந்தால், கார்டுக்கு முகவரி இடம் கிடைக்கவில்லை.

பூட் ஆகும்போதே ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் முகவரி இடமும் பஸ் எண்களும் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. காலி ஸ்லாட் என்றால், பின்னால் யாராவது வரலாம் என்று கொஞ்சம் இடம் விட்டுவைப்பார்கள். மனைப் பிரிவு போடும்போது காலி மனைக்கும் எண் கொடுத்து வைப்பது மாதிரி. லினக்ஸ் தானாக விட்டுவைப்பது 2 எம்பி மட்டுமே. அதைவிடப் பெரிய இடம் கேட்கிற கார்டு வந்தால், இரு பக்கமும் மற்றவர்கள் குடியேறிவிட்டிருப்பார்கள், விரிக்க முடியாது. கெர்னல் அளவுருக்களில் ஹெச்பிமெம்சைஸ், ஹெச்பிபஸ்சைஸ் இரண்டையும் கூட்டிவைத்து ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் சரியாகும். ஆனால் மறுதொடக்கத்தைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்! அதனால் சர்வரை முதன்முதலாக நிறுவும்போதே இதைச் செய்து வைப்பது நல்லது. பழுதான கார்டுக்குப் பதில் அதே மாடலைப் போட்டால் இந்தச் சிக்கலே வராது, ஏற்கெனவே இருந்த இடம் பொருந்தும். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ்களில், ஓடுகிற சாதனங்களைச் சற்று நிறுத்தி இடத்தை மாற்றிப் பங்கிடும் வசதி உண்டு. ஆனால் எல்லா டிரைவர்களும் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

கார்டு வேலை செய்கிறது. அப்புறமும் நெட்வொர்க் வரவில்லையே?

புதுக் கார்டுக்கு மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள தனி எண்) புதிது. பழையதை நம்பிய எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும்: ஐபி முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஹெச்சிபியில் நிரந்தரமாக ஒதுக்கிய ஐபி, ஸ்விட்சில் போட்ட போர்ட் பாதுகாப்பு, மேக் முகவரியோடு கட்டிய மென்பொருள் உரிமம். லினக்ஸில் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய மேக் எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பாண்டிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாண்ட் முதலில் சேர்ந்த கார்டின் மேக்கைத்தான் வழக்கமாகத் தன் மேக்காக எடுத்துக்கொள்ளும். அந்தக் கார்டைக் கழற்றிய பிறகும் பாண்ட் பழைய மேக்கையே வைத்திருக்கும், எல்லாம் நன்றாக ஓடும். மாதங்கள் கழித்து ஒருநாள் சர்வரை மறுதொடக்கம் செய்தால் பாண்டின் மேக் மாறும், உரிமம் செல்லாது என்று மென்பொருள் நிற்கும். கார்டு மாற்றியதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். கார்டு மாற்றிய அன்றே பாண்டுக்கு மேக்கை நிலையாக எழுதிவிடுங்கள்.

விண்டோஸில் வேறு மாதிரி. பழைய கார்டு மறைந்த சாதனமாகப் பதிவில் தங்கி, ஐபி முகவரியையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதே ஐபியைப் புதுக் கார்டுக்குக் கொடுத்தால் எச்சரிக்கை வரும். டிவைஸ் மேனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லிப் பழையதை நீக்கலாம்.

ஃபைபர் சேனல் கார்டு என்றால், மேக் போல அதற்கு உரிய தனி எண்ணான டபிள்யூடபிள்யூஎன் மாறும். ஸ்விட்சில் ஸோனிங் (யார் யாரோடு பேசலாம் என்ற பிரிப்பு), சேமிப்பகத்தில் எல்யூஎன் (சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதி) அனுமதி இரண்டையும் திருத்தும்வரை டிஸ்க்குகள் தெரியாது.

ரெய்டு கார்டையும் இப்படி மாற்றலாமா?

வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டமே அதன் பின்னால் உள்ள டிஸ்க்கில் இருக்கும், இன்னும் டிஸ்க்கில் எழுதாத தரவு அதன் கேஷில் (தற்காலிக நினைவகம்) இருக்கும்.

வர்ச்சுவல் மெஷினில் கார்டு சேர்ப்பதும் ஹாட் பிளக்தானா?

ஆமாம், ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய வர்ச்சுவல் மெஷினில், உள்ளே இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதே ஏசிபிஐ, அதே பிசிஐஇஹெச்பி. லினக்ஸின் வர்ச்சுவல் மெஷின் மென்பொருளான கேவிஎம்-இல் க்யூ35 வகை மெஷின் என்றால் காலி ரூட் போர்ட்டுகளை (கார்டு செருகும் இடங்கள்) முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செருக இடம் இருக்காது. நீக்கும்போது உள்ளே இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் பூட் ஆகி ஒத்துழைத்தால்தான் நீங்கும்.

விஎம்வேரில் ஓடும் விண்டோஸில் ஒன்றைக் கவனியுங்கள். பாதுகாப்பாக அகற்றும் ஐகானில் நெட்வொர்க் கார்டும் வந்து நிற்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்த யாராவது பென்டிரைவ் என்று நினைத்து அதை அழுத்தினால் சர்வர் நெட்வொர்க்கை விட்டே போய்விடும். அந்த மெஷினின் அமைப்பில் டிவைசஸ் டாட் ஹாட்பிளக் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் ஐகான் வராது.

எங்கள் ஊர் ஆலைக்கு இதெல்லாம் தேவையா?

ஆலையைப் பொறுத்தது. மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் எடைமேடைக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். எடைமேடையும் பில்லும் ஒரே சர்வரில். நெட்வொர்க் கார்டு பழுதான ஒரு மதியம், "அண்ணா, எடை ஏறுது, பில்லு வரலை, வெளியே சத்தம் போடுறாங்க" என்று பையன் ஓடிவந்தான். வெயிலில் நிற்கிற மாங்காய்க்குக் காத்திருக்கத் தெரியாது. அந்தச் சர்வரில் கார்டு ஹாட் பிளக் கிடையாது, ஆனால் போர்டிலேயே இன்னொரு போர்ட் இருந்தது. கேபிளை மாற்றி ஐபியைப் போட்டதும் பில் வந்துவிட்டது. கார்டை ராத்திரி லாரி குறைந்த பிறகு, சர்வரை நிறுத்தியே மாற்றினோம்.

இதனால்தான் சொல்கிறேன்: ஹாட் பிளக் சர்வருக்குக் கொடுக்கிற பணத்தில் முதலில் இரண்டாவது பாதையை வாங்குங்கள். இரண்டு கார்டு, இரண்டு ஸ்விட்ச், முடிந்தால் இரண்டு சர்வர். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாள் எப்படியும் வரும், ஜெனரேட்டர் இல்லாத அலுவலகத்துக்கு அதுவே கார்டு மாற்றும் நாள். மூன்று ஷிப்ட்டும் ஓடுகிற ஓசூர் தொழிற்சாலைக்கோ, ராத்திரியும் நோயாளி வருகிற மருத்துவமனைக்கோ அப்படி ஒரு நாள் கிடைக்காது. அவர்களுக்கு ஹாட் பிளக் கொடுத்த பணத்துக்கு மதிப்புள்ளது. அதுவும் இரண்டாவது பாதைக்கு மேலாகத்தான், அதற்குப் பதிலாக அல்ல. ஒரே கார்டு இருந்தால், ஓடும்போது மாற்றினாலும் மாற்றுகிற நேரம் முழுக்க நெட்வொர்க் இருக்காதே.

வசதி உள்ள சர்வர் வாங்கிவிட்டோம். முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்?

அதே மாடல் கார்டு ஒன்றைக் கையில் வாங்கி வையுங்கள். பெங்களூரு பக்கத்தில்தானே என்று நினைப்பீர்கள். சாயங்கால நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டியும் அத்திப்பள்ளியும் தாண்டி ஒரு பெட்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். ஸ்பேர் கார்டின் ஃபர்ம்வேரையும் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஓடுகிற கார்டின் பதிப்புக்கே கொண்டுவந்து வையுங்கள்.

கிரானைட் பட்டறைகள் பக்கத்தில் இருந்தால் காலி ஸ்லாட்டுகளுக்கு மூடி போடுங்கள். கல்தூள் படிந்த ஸ்லாட்டில் செருகினால் தொடர்பு சரியாக விழாது, ஓடுகிற சர்வருக்குள் ஊதிச் சுத்தம் செய்யவும் முடியாது.

சீசன் தொடங்கும் முன், வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். பேக்கப் எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றாமல் ஸ்லாட்டின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி, மறுபடி கொடுங்கள். போக்குவரத்து இன்னொரு கார்டுக்கு மாறியதா, எத்தனை நொடி தடைபட்டது, மின்சாரம் திரும்பியதும் டிரைவர் தானாக ஏறியதா, பாண்டில் கார்டு மறுபடி சேர்ந்ததா, இணைப்பு முழு வேகத்தில் வந்ததா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதில்லை. எல்எஸ்பிசிஐயில் லிங்க் ஸ்டேட்டஸ் வரியில் அகலம் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு என்றோ ஒன்று என்றோ இருந்தால், கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்காரவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, கழற்றி, நேராகப் பிடித்து மறுபடி செருகிப் பாருங்கள்.